பட்டு ஏன் காகிதம்போல் நிற்கிறது?

ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது தலை உயர உருவம் (தலை நீளத்தைப்போல் ஒன்பது மடங்கு உயரம்) சரியாக வருகிறது, பட்டு கவுன் மட்டும் காகிதம்போல் விறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தேன். எல்லா மடிப்புக்கும் நிழல் போட்டிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். துணி இழுபடும் இடத்தில்தான் மடிப்பு பிறக்கும்: தோள், முழங்கை, இடுப்பு. அவற்றை மட்டும் பிடியுங்கள். பளபளப்புக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம். தாளையே வெறுமையாக விட்டு, அதை ஒட்டி அடர்ந்த நிழல் வையுங்கள்.

ஃபேஷன் ஓவியர் ரெனே க்ருவோ (1909–2004) டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனத்துக்கு வரைந்தவற்றைத் தேடிப் பாருங்கள். அவர்களின் மிஸ் டியோர் வாசனைத் திரவிய விளம்பரம் ஒன்றில் பெண்ணே கிடையாது. கழுத்தில் முத்துமாலையும் கறுப்பு ரிப்பனும் அணிந்த ஓர் அன்னம், அவ்வளவுதான். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம், ஒரு பட்டுத் துப்பட்டாவை நாற்காலியில் போட்டு, அழிப்பான் இல்லாமல், தூரிகையால் இரண்டே நிமிடத்தில் வரையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி படம் போடுங்கள், பார்க்கிறேன்.