வாசகர் கேள்வி – பதில்: படத்துக்கு விளக்கம் எழுதும்போது

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பாடக் குறிப்புகளை வேர்டு கோப்பாக அனுப்புவது வழக்கம். இந்த ஆண்டு என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். மடிக்கணினியில் என்விடிஏ மென்பொருளின் உதவியுடன் கேட்டுப் படிக்கிறார். படம் வரும் இடங்களில் தமக்கு எதுவுமே கிடைப்பதில்லை என்கிறார். நான் என்ன எழுதித் தர வேண்டும்?
– ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் கோப்பிலுள்ள எழுத்துகளைக் குரலாக்குகின்றன. படம் வந்தால், அதனுடன் இணைக்கப்பட்ட மாற்று உரையை, அதாவது படத்தைச் சொற்களில் விளக்கும் குறிப்பைப் படிக்கும். அது இல்லையென்றால், அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். வேர்டில் படத்தின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் மாற்று உரை எழுதுவதற்கான பெட்டி கிடைக்கும். அது எளிது. அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

படத்தில் தெரிவதையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்காமல், இந்தப் படம் இந்தப் பாடத்தில் எதற்காக இருக்கிறது என்று முதலில் யோசியுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தையே எடுத்துக்கொள்வோம். "தஞ்சைப் பெரிய கோயில்" என்று மட்டும் எழுதினால், படத்தின் கீழே உள்ள தலைப்பை மாணவர் இன்னொரு முறை கேட்பார், அவ்வளவுதான். வானத்தின் நிறம், புல்தரை, நடந்துபோகும் கூட்டம் ஆகியவற்றை எழுதினால் பாடத்துக்கு வேண்டியது அவற்றுக்குள் புதைந்துவிடும். முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவு செய்த கோயிலின் கட்டடக்கலையைப் பற்றிய பாடம் என்றால், "கருவறைக்கு மேல் 13 நிலைகள் கொண்ட விமானம், மேலே செல்லச் செல்லக் குறுகிப் பிரமிடு வடிவில் உயர்கிறது, முன்னால் உள்ள நுழைவாயில் கோபுரங்கள் அதைவிடத் தாழ்ந்து நிற்கின்றன" என்று எழுதலாம். பிற்காலத்துப் பெருங்கோயில்கள் பலவற்றில் வாயிற்கோபுரமே ஓங்கி நிற்பதால், 'உயரமான கோயில்' என்று மட்டும் கேள்விப்பட்ட மாணவர் இங்கும் வாசலில்தான் உயரம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளக்கூடும். பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும் அந்த வேறுபாடு, மேற்கண்ட வாக்கியத்தால் அவருக்கும் கிடைக்கிறது. இதே படம் பள்ளிச் சுற்றுலா அறிவிப்பில் வந்தால் நிலைகளின் எண்ணிக்கை தேவையில்லை. கோயிலின் பெயரே போதும்.

கேள்வி: மாற்று உரை 125 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியில் அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆனாலும் ஒன்றிரண்டு வாக்கியங்களில் முடிப்பது நல்லது. ஏனென்றால் பத்தியைக் கேட்பதுபோல மாற்று உரையை இடையில் நிறுத்தி, பின்னால் சென்று, சொல் சொல்லாகக் கேட்பது எளிதல்ல. நீளும் விளக்கத்தைப் படத்தை ஒட்டிய பத்தியிலேயே எழுதிவிடுங்கள். 'இந்தப் படத்தில்' என்று தொடங்கவும் வேண்டாம். படம் என்பதை மென்பொருளே அறிவித்துவிடும்.

கேள்வி: தேர்வு வினாத்தாளில் உள்ள படத்தை விவரித்தால் விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடாதா?
– அறிவியல் ஆசிரியர், தென்காசி

பதில்: பார்க்கும் மாணவருக்குக் கண்ணால் கிடைப்பதைத் தர வேண்டும், அவர் மூளையால் கண்டுபிடிக்க வேண்டியதைத் தரக் கூடாது. இதயத்தின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தில் 'அ' எனக் குறிக்கப்பட்ட பகுதியின் பெயரைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அ: பார்ப்பவருக்கு வலப்புறத்தில் உள்ள கீழ் அறை; அதன் சுவர் மற்ற அறைகளின் சுவரைவிடத் தடித்தது" என்று எழுதலாம். உடலின் இடப்பக்கம் படத்தில் நமக்கு வலப்பக்கமாக வரும் என்பதை அறிந்து 'இடது வெண்ட்ரிக்கிள்' என்று எழுதுவது மாணவரின் வேலை. 'பார்ப்பவருக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டால் வினாவே தவறாகிவிடும் என்பதால் அதில் கவனம் தேவை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நிலப்படம், நுணுக்கமான உறுப்புப் படம் போன்றவற்றுக்குச் சொற்கள் ஓரளவுக்குத்தான் துணை செய்யும், விரலால் தடவி அறியும் புடைப்புப் படத்தையும் உடன் தருவதே நியாயம்.

கேள்வி: எங்கள் ஆண்டறிக்கையில் புள்ளிவிவர வரைபடங்கள் நிறைய உள்ளன. எல்லா எண்களையும் மாற்று உரையில் எழுத வேண்டுமா?
– தொண்டு நிறுவன ஊழியர், மதுரை

பதில்: வேண்டாம். மாற்று உரையில் வரைபடம் சொல்லும் செய்தியை எழுதுங்கள். எண்களை அட்டவணையாகக் கீழே கொடுங்கள். சென்னையின் மாதவாரி மழையளவு என்றால், "அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி, நவம்பரில் உச்சம், ஆண்டின் முதல் மாதங்களில் மிகக் குறைவு, எண்கள் கீழுள்ள அட்டவணையில்" என்பது போதும். அந்த அட்டவணையையும் படமாக ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது செய்த வேலையெல்லாம் வீண்.

கேள்வி: வேர்டு தானாகவே எழுதித் தரும் விளக்கத்தை அப்படியே விட்டுவிடலாமா? பிடிஎஃப் ஆக்கிய பிறகு நாங்கள் எழுதிய மாற்று உரை காணாமல் போவது ஏன்?
– விழா மலர்க் குழு உறுப்பினர், திருச்சி

பதில்: விடக் கூடாது. படம் எதற்காக அங்கே இருக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. விழா மேடையில் நினைவுப் பரிசு பெறும் உங்கள் தலைவர் அதற்கு 'மேடையில் நிற்கும் மனிதர்' மட்டுமே. பக்க ஓரத்துக் கோலம், பூவேலைப்பாடு போன்றவற்றை அலங்காரப் படம் எனக் குறித்துவிட்டால் திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிச் செல்லும்.

விழா மலர் என்பதால் எழுத்துருவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த 'அம்மா' திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். குரலும் அதைத்தான் படிக்க முயலும். எனவே தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கோப்பில் பதியும் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்தி, உரையின் மொழியைத் தமிழ் என அமைத்திடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது அச்சிடும் கட்டளை வழியாகச் சென்றால் தலைப்பு, அட்டவணை, மாற்று உரை ஆகிய கட்டமைப்புக் குறிகள் உதிர்ந்துபோகும். 'சேவ் ஆஸ்' வழியாகப் பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுத்து, அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் விருப்பம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தினால், ஏற்றுமதிப் பெட்டியிலேயே பிடிஎஃப்/யுஏ என்ற, அணுகலுக்கான பிடிஎஃப் வகையின் தேர்வு உள்ளது.