படை பெரிதாக இருந்தும் தோற்பது ஏன்?
‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் விளையாட்டில் படை பெரிதாக இருந்தும் எதிரியின் நகரை அடைந்ததும் தோற்றுவிடுகிறேன், இதற்குப் போர்த் தத்துவம் ஏதேனும் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். பிரஷ்யத் தளபதி கார்ல் ஃபான் கிளாசவிட்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1832இல் வெளிவரத் தொடங்கிய போரியல் நூலில் உங்கள் சிக்கலுக்கு நேரான ஒரு கருத்து உள்ளது. முன்னேற முன்னேறத் தாக்கும் படையின் வலிமை கரைகிறது என்றும், ஒரு கட்டத்தைத் தாண்டினால் தற்காப்பவரின் கையே ஓங்கிவிடும் என்றும் அவர் வாதிட்டார். 1812இல் நெப்போலியன் மாஸ்கோ வரை சென்று குலைந்தபோது, ரஷ்யத் தரப்பில் பணியாற்றி அதை அருகிருந்து கண்டவர் அவர்.

விளையாட்டிலும் இதே கணக்குத்தான். உங்கள் புதிய வீரர்கள் வரைபடத்தையே நடந்து கடந்து சிறு சிறு குழுக்களாக வந்து சேர்கையில், எதிராளியின் வீரர்கள் களத்தருகிலுள்ள பாசறையிலிருந்து உடனே வெளிப்படுவார்கள். கோட்டையின் அம்புகளும் அவர்களுக்குத் துணைநிற்கும். ஆகவே நகருக்குள் நுழையும் முன் அருகிலேயே ஒரு பாசறையைக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது தங்கச் சுரங்கத்தை மட்டும் முடக்கிவிட்டுத் திரும்புங்கள். மேலும், உங்கள் வீரர்களின் பார்வைக்கு அப்பாலுள்ள இடங்களை மூடியிருக்கும் மூட்டத்தினூடே தெரியும் எதிரிக் கட்டடங்கள் நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையையே காட்டுவதால், தாக்குவதற்குச் சற்று முன் ஒரு குதிரை வீரரை மீண்டும் அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலோர் சோம்பல்படுவது இங்கேதான்.