பேச்சு வருவதற்கு முன்னால் நடக்கும் வேலை

“என் மகனுக்கு 9 மாதம். இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. இப்போதே அவனிடம் பேசிப் பயனுண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயம் உண்டு. நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். மகள் அந்த வயதில் இருந்தபோது ஐப்பசி மழை, பகலெல்லாம் மிஸ்ட், வாசலைத் திறக்கவே முடியாது. போனில் பாட்டைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். மாமியார் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “பாப்பாவுக்குப் பாலு, பாப்பாவுக்குக் குல்லா, பாப்பா தூங்குமா?” என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். புரியாத பிள்ளையிடம் ஏன் இவ்வளவு பேச்சு என்று அப்போது நினைத்தேன்.

பிறகு படித்தபோதுதான் விளங்கியது. நாம் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதில்லை. ‘பாப்பாவுக்குப்பாலுவேணுமா’ என்று ஒரே இழுப்பாகத்தான் குழந்தையின் காதில் விழுகிறது. 1996-இல் ஜென்னி சாஃப்ரன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர், பொருளில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் 8 மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசையை அடுத்து எந்த அசை தவறாமல் வருகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்து அறிந்தன! மாமியாரின் பேச்சில் ‘பாப்பா’ மாறாமல் நிற்க, பின்னால் வருவது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது.

இந்தத் திறனுக்கும் சொல்வளத்துக்கும் தொடர்பு உண்டு. முதல் வயதில் பேச்சிலிருந்து சொற்களை நன்றாகப் பிரித்தறிந்த குழந்தைகளுக்கு, 2 வயதில் சராசரியாகக் கூடுதல் சொற்கள் இருந்ததை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சராசரிதான், அதை வைத்து ஒரு குழந்தைக்கு ஜாதகம் எழுத முடியாது.

போன் விஷயத்திலும் மாமியார் பக்கமே நியாயம். குழந்தைகளின் மொழியை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது அதன் ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டன. அதையே டிவியில் பார்த்தவை கற்கவில்லை.

மகன் எதையாவது கைநீட்டிக் காட்டத் தொடங்கினால், உடனே அதன் பெயரைச் சொல்லுங்கள். என் மகள் தேயிலைத் தோட்டத்தில் நின்ற காட்டெருமையைக் காட்டியபடிதான் ‘மா’ என்றாள்.

ஒன்றே ஒன்று: பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் திரும்புவதில்லை, ‘பபபா, ததத்தா’ என்று மழலை ஒலியும் இல்லை என்றால், காத்திருக்காமல் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள்.