முதுகுக்கு ஸ்க்ரூ வைக்கலாம், சீருக்கு வட்டி கட்ட முடியாது

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டும் வாசகர் எழுதுகிறார்: மனைவிக்கு இடுப்புப் பக்கம் முதுகெலும்பு ஒன்று விலகி நரம்பை அழுத்துகிறது. ஸ்க்ரூ, ராடு வைத்து நிறுத்த வேண்டுமாம். கோவையில் சொன்ன செலவு 3.80 லட்சம், அதில் ஸ்க்ரூ செட்டுக்கு மட்டும் 1.30 லட்சம். கையில் ஏலச்சீட்டு முடிந்த 1.50 லட்சம். அதைத் தங்கை மகள் தெரட்டிச் (பூப்பு நீராட்டு) சீருக்குக் கேட்கிறார்கள். அக்கா மகள் கல்யாணச் சீருக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கிய 3 லட்சம் நான்கு வருடமாக அப்படியே நிற்கிறது. விலை குறைந்த ஸ்க்ரூ போடலாமா, ஆஸ்பத்திரிச் செலவை மாதாமாதம் கட்டும் தவணை அட்டை வாங்கலாமா என்பது கேள்வி.

உங்கள் பிரச்சினை ஸ்க்ரூ இல்லைங்க. மாதம் 6,000 வட்டி, வருடம் 72,000, நான்கு வருடத்தில் 2.88 லட்சம். முக்கால் ஆபரேஷன் போய்விட்டது, அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. இப்போது தங்கைக்கும் அதே கதையா? தாய்மாமன் தட்டு வைக்கட்டும், சேலை எடுக்கட்டும், 15,000-க்குள். அதற்கு மேல் முடியாது என்று மச்சானிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள்.

பீரோவில் பத்துப் பவுன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனைவி சம்மதித்தால் வங்கியில் வைத்து 5.30 லட்சம் வாங்குங்கள். பழைய கடனும் தீரும், ஆபரேஷன் பற்றாக்குறை 2.30 லட்சமும் தீரும். வருடம் 10 சதவீதம் என்றாலும் வட்டி சுமார் 53,000, இன்று 3 லட்சத்துக்குக் கட்டுவதை விடக் குறைவு. வட்டிக்காரருக்குப் போகும் 6,000, சீட்டுக்குக் கட்டிய 6,000 இரண்டையும் மாதாமாதம் இதில் போட்டால் ஐந்து வருடத்துக்குள் நகை வீடு வரும். வருடா வருடம் மறு அடகு வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

தவணை அட்டைக்கு வட்டியே இல்லை என்பார்கள். பிராசசிங் கட்டணமும் தவறிய தவணைக்கு அபராதமும் எவ்வளவு என்று கேளுங்கள், முகம் மாறும். ஏஜென்ட் காட்டும் புது மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியும் இந்த ஆபரேஷனுக்கு உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். மறைத்து எடுத்தால் க்ளெய்ம் நிற்காது.

ஸ்க்ரூவில் தரம் குறைக்க வேண்டாம், விலை கேளுங்கள். இதய ஸ்டென்ட், முழங்கால் மூட்டுக்கு 2017-ல் வந்த விலை உச்சவரம்பு இதற்கு இல்லை. ஒரு இடத்தில் இணைக்க வழக்கமாக நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு, இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி நிரப்ப ஒரு கேஜ். எத்தனை, எந்தக் கம்பெனி, டைட்டானியமா என்று எழுதி வாங்குங்கள். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பில்லோடு கேளுங்கள்.

அப்புறம், வட்டிக்காரரிடம் பணம் கட்டும்போது புரோநோட்டைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.