நவம்பர் குளத்தில் எல்லாமே பெட்டையா?

கேள்வி: நவம்பரில் கூந்தன்குளத்தில் சிறு வாத்துக் கூட்டம் ஒன்றைப் படமெடுத்தேன். எல்லாமே மண் நிறம். நீலச்சிறகியா, கிளுவையா? ஒரு ஆண்கூட இல்லாத கூட்டமும் உண்டா?

பதில்: உடல் நிறத்தை விட்டுவிடுங்கள். இரண்டுமே செதில் செதிலான பழுப்புதான். படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். நீலச்சிறகியின் முகத்தில் வரிகள் இருக்கும்: கண்ணுக்கு மேல் வெளிர் புருவம், கண் வழியே கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு மங்கலான கோடு. அலகு தொடங்குமிடத்தில் பொட்டு வைத்தாற்போல வெளிர்ப் புள்ளி. அலகு முழுக்கச் சாம்பல், சற்று நீளம். கிளுவைக்கு முகம் வெறிச்சென்று இருக்கும். கண்கோடு மட்டும்தான் தெரியும். அலகின் அடியில் லேசான ஆரஞ்சு தெரிந்தால் அது பெரும்பாலும் கிளுவை. முகம் தெளியாத தூரமா? வாலடியின் பக்கவாட்டில் வெளிர்க் கீற்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் கிளுவையின் அடையாளம். தூரத்துப் பறவைகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம், அந்தக் கூட்டத்தில் ஆண்களும் பெரும்பாலும் இருந்திருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும். சில வாரங்கள் பறக்கவே முடியாது. எதிரி கண்ணில் படாமலிருக்க அப்போது பெட்டையின் மங்கிய நிறத்துக்கு மாறிக்கொள்கின்றன. கிளுவை ஆண் குளிர்காலத் தொடக்கத்திலேயே செம்பழுப்புத் தலையும் பச்சைப் பட்டையுமாக மாறத் தொடங்கிவிடும். நீலச்சிறகி ஆணோ மங்கிய கோலத்திலேயே இங்கே வந்து சேர்ந்து, பல சமயம் பிப்ரவரி வரை அப்படியே இருக்கும். நம் குளங்களில் நீலச்சிறகிதான் மிகுதி என்பதால், நவம்பரில் எல்லாமே பெட்டையாகத் தெரிவது இயல்புதான்.

ஆனால் சிறகு மட்டும் ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும். உடலிறகு மாறினாலும் ஆண் நீலச்சிறகியின் தோள்பக்கச் சிறகில் வெளிர் நீலச் சாம்பல் நிறம் மறைவதில்லை. பெயரே அதனால் வந்ததுதான். பெட்டைக்கு அந்த இடம் பழுப்புச் சாம்பல். அதனால் அடுத்த முறை வெயிலை முதுகுப்பக்கம் வைத்து, கரையில் அசையாமல் உட்காருங்கள். குளித்து முடித்த வாத்து நீரில் எழும்பி நின்று இரண்டு மூன்று முறை சிறகடிக்கும். அந்த நொடிக்குக் கேமராவைத் தயாராக வைத்திருங்கள். படமெடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிட வேண்டாம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைத்து வந்தவை அவை.