பனியில் ஒரு மாடு, கொட்டகையில் ஒரு மாடு

கேள்வி: ஜனவரியில் ஸ்காட்லாந்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கறுப்பு உடம்பும் நடுவில் வெள்ளைப் பட்டையுமாகச் சில மாடுகள் பனியிலேயே நின்றன. அடுத்த பண்ணையில் சந்தன நிறத்தில் பெரிய மாடுகள், அவை கொட்டகைக்குள். ஏன் இப்படி? குளிர்காலத்தில் என்னதான் தின்னும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பட்டை போட்டவை பெல்டட் கேலவே. மற்றவை அநேகமாக ஷரோலே, பிரான்ஸ் இனம். இரண்டையும் அங்கே யாரும் கறப்பதில்லை. பால் முழுக்கக் கன்றுக்குத்தான். எட்டு, ஒன்பது மாதத்தில் பால் மறக்கடித்து, பிறகு இறைச்சிக்காக வளர்ப்பார்கள். ஆக, தாய் வருஷம் முழுக்கத் தின்பதற்கு அந்த ஒரு கன்றுதான் வரவு. நம்மூர் மாதிரி காலையும் மாலையும் பால் காசு வராது.

செலவில் பெரியது குளிர்காலத் தீனி. ஐந்தாறு மாதம் புல் சரியாக வளராது என்பதால், கோடையில் அறுத்துக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த சைலேஜ்தான் கைகொடுக்கும். 650 கிலோ மாட்டுக்கு ஈரமான சைலேஜ் என்றால் நாளைக்கு 40 கிலோ போல வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு ஏழு டன் ஆகிறது, அதுவும் ஒரே மாட்டுக்கு! உடம்பு சிறுத்த மாட்டுக்கு இவ்வளவு வேண்டாம்.

கேலவேக்கு ரோமம் இரண்டு அடுக்கு; மேலே நீளமாக, மழையை வடியவிடும், உள்ளே மெத்தென்று இருக்கும். முதுகில் விழுந்த பனி உருகாமலே கிடக்கும், ஏனென்றால் உடம்புச் சூடு வெளியே கசிவதில்லை. ஷரோலே கனத்த மாடு, ஈர நிலத்தை மிதித்தே சேறாக்கிவிடும். கொட்டகையில் அடைப்பது குளிருக்காக என்றுதான் நாம் நினைப்போம், பாதி இந்தச் சேற்றுக்காக.

இன்னொன்று, வசந்தத்தில் ஈனும் மாடு குளிர்காலத்தில் கொஞ்சம் இளைத்தால் யாரும் பதறுவதில்லை, கோடையில் ஏறிய கொழுப்பு கரையட்டும் என்றே பார்லி வைக்கோலைக் கலந்து போடுவார்கள். கொழுத்த மாடு ஈனும்போது திணறும். அதற்காக ஈனும் சமயத்தில் பட்டினி போட்டால் சீம்பால் குறையும், மெக்னீசியமும் தவறாமல் கொடுக்க வேண்டும். இளைப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், இடுப்பிலும் வால் அடியிலும் கையை வைத்து அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

சரி, எந்த இனம் நல்லது? என்னைக் கேட்டால், தாய் நடுத்தர உடம்போடு வைக்கோலிலும் தாக்குப்பிடிப்பதாக இருக்கட்டும், கன்றுக்கு எடை வேண்டுமானால் ஷரோலே காளையைச் சேர்த்துக்கொள்ளலாம். தலைச்சன் கிடாரிக்கு மட்டும் அது வேண்டாம், கன்று பெரிதாகிச் சிக்கிக்கொள்ளும். கன்று சிறிதாகப் பிறக்கும் ஆங்கஸ் இனக் காளை போதும்.