டார்ச் பட்டனை அழுத்தினால் எரியணும், விட்டால் அணையணும்: அதற்குப் போர்டு மாற்றணுமா?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அண்ணாச்சி, ஊருக்கு மேக்க மலையடிவாரத்துல வாழை போட்டிருக்கோம். ராத்திரி பன்னி எறங்குது. என்கிட்ட இருக்கது அலுமினிய டார்ச்சு, பின்னாடி பட்டன். அமுக்கிக் கைய எடுத்தாத்தான் எரியுது, அணைக்க இன்னொருக்க அமுக்கணும். மடியில வச்சிருந்தா தானா எரிஞ்சு சூடாகிக் கெடக்கு. அமுக்குனா எரியணும், விட்டா அணையணும், அம்புட்டுத்தான். கடையில கேட்டா உள்ள போர்டு மாத்தணும், 650 ரூவா ஆகும்ங்காங்க. அப்பாகிட்ட கரண்டுல சொருகி சார்ஜ் போடுத பெரிய லைட்டு ஒண்ணு இருக்கு. அதையும் அப்படி மாத்தலாமா?"

அந்த 650 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி. நீங்கள் கேட்பது பின்மூடிக்குள் இருக்கும் ஸ்விட்ச்சை மாற்றுகிற வேலை. போர்டு, அதாவது எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற சிறு பலகை, இருப்பது முன்பக்கம், எல்இடிக்குப் பின்னால். விட்டால் அணைய வேண்டும் என்பதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

டார்ச் பட்டனில் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்றில் லேசாக அழுத்தும்போதே வெளிச்சம் வரும், விட்டால் அணையும், 'டக்' என்று முழுக்க அழுத்தினால் அப்படியே நிற்கும். இதை ஃபார்வர்ட் கிளிக் என்பார்கள். இன்னொன்றில் அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது, கையை எடுத்த பிறகுதான் எரியும். அது ரிவர்ஸ் கிளிக். "கைய எடுத்தாத்தான் எரியுது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே உங்களுடையது ரிவர்ஸ். இதைப் படிக்கிற மற்றவர்கள் தங்கள் டார்ச்சை மெல்ல அரை அழுத்து அழுத்திப் பாருங்கள். எரிந்தால் நீங்கள் தேடுவது ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். விலை குறைந்த டார்ச்சுகளில் ரிவர்ஸ்தான் அதிகம். அட்டைப்பெட்டியில் வெளிச்சம் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். உள்ளே என்ன ஸ்விட்ச் என்று ஒரு வரி போட மாட்டார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

வேலையில் இறங்குமுன் ஒரு சோதனை. பின்மூடியைக் கழற்றுங்கள். தோல் உரித்த ஒரு துண்டு வயரால் செல்லின் அடிப்பக்கத்தையும் குழாயின் விளிம்பையும் சேர்த்துத் தொடுங்கள். விளிம்பில் சாயம் ஏறாத வெறும் அலுமினியம் தெரியும் இடத்தில்தான் தொட வேண்டும், கறுப்புச் சாயத்தில் மின்சாரம் ஓடாது. விளக்கு எரிந்தால் போர்டு, எல்இடி, செல் மூன்றும் நலம். இதைக் கடைக்காரர் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

இனி பின்மூடி. உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஸ்பிரிங், அதைச் சுற்றி மரையிட்ட வளையம், வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு குழிகள். மூக்குக் குறடின் இரு முனைகளையும் அந்தக் குழிகளில் ஊன்றி, வளையத்தை இடப்பக்கமாகச் சுழற்றினால் வந்துவிடும். வளையத்துக்குப் பின்னால் காசளவு வட்டப் பலகை, அதன் ஒரு முகத்தில் ஸ்பிரிங், மறுமுகத்தில் ஸ்விட்ச், அதன் தலையில் ரப்பர் மூடி. எந்த வரிசையில் வந்தது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சின் இரண்டு கால்களிலும் ஈயத்தை உருக்கிக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஃபார்வர்ட் கிளிக் ஸ்விட்ச்சை வையுங்கள். சால்ட்ரிங் முனையை ஒரு காலில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகினால் உள்ளே தகடு சாய்ந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

பழைய ஸ்விட்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். நெல்லை ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில்தான். கடையில் 'புஷ் டு ஆன்' என்று கேட்டால், எவ்வளவு அழுத்தினாலும் நிற்காமல் விட்டதும் அணைகிற, பூட்டே இல்லாததைத் தருவார்கள். உங்கள் காவலுக்கு அதுவும் ஆகும். ஆனாலும் ஃபார்வர்ட் கிளிக்கே மேல். வேலி கட்ட இரண்டு கையும் வேண்டியிருக்கும்போது 'டக்' என்று நிறுத்திவைக்கலாம். உயரத்தையும் பாருங்கள். புது ஸ்விட்ச்சின் தலை கொஞ்சம் உயரமாக இருந்தால் ரப்பர் மூடி வெளியே புடைக்கும். மடியில் வைத்தால் மறுபடியும் தானாக எரியும். எந்தத் தொல்லைக்காக இந்த வேலை செய்கிறோமோ அதுவே திரும்பி வரும்.

இப்போது எல்லோரும் விழுகிற பள்ளம். ரிப்பேர் கடையில் பழைய டிவி, ரிமோட் பலகைகளிலிருந்து பிடுங்கிய நான்கு கால் குட்டிச் சதுர பட்டனை இதில் வைத்துக் கொடுப்பார்கள். அழுத்தினால் எரியும், விட்டால் அணையும், கடை வாசலில் அருமையாக வேலை செய்யும். நீங்களும் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். அந்தப் பட்டன் தாங்குவது 12 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர். உங்கள் டார்ச் இழுப்பது 1 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியர் வரை. இருபது மடங்கு, அறுபது மடங்கு. கொஞ்ச நாளில் உள்ளே தகடு கருகி விளக்கு மினுங்கும், அல்லது தகடு ஒட்டிக்கொண்டு அணையவே அணையாது. திரும்பப் போனால் "அப்பவே சொன்னேனே, போர்டுதான் போச்சு" என்பார்கள். இதற்கு ஏமாறாதீர்கள். ஸ்விட்ச் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

வீடியோக்களில் "ஸ்விட்ச்சைத் திறந்து உள்ளே இருக்கிற சிறு கம்பியை எடுத்தால் போதும்" என்று காட்டுவார்கள். ஆறு கால் சதுர ஸ்விட்ச்சில் அது சரி, பூட்டுகிற கம்பி போனால் பூட்டு போய்விடும். உங்கள் ரிவர்ஸ் ஸ்விட்ச்சில் அழுத்தியிருக்கும்போது தொடர்பு விலகித்தான் இருக்கும். எதை எடுத்தாலும் அது அழுத்தினால் எரியாது.

இனி அந்த விதிவிலக்கு. உங்கள் டார்ச்சில் பெரிய வெளிச்சம், சின்ன வெளிச்சம், படபடவென்று மின்னுவது என்று மூன்று நான்கு வகை உண்டா? இருந்தால் கவனமாகப் படியுங்கள். அந்த வகை மாற்றத்துக்குத் தனிப் பட்டன் கிடையாது. மின்சாரம் ஒரு கணம் நின்று திரும்ப வந்தால், 'அடுத்த வகைக்கு மாறு' என்று போர்டு எடுத்துக்கொள்ளும். இதில் விட்டால் அணைகிற ஸ்விட்ச்சை வைத்தால் என்ன ஆகும்? முதல் அழுத்துக்குப் பெரிய வெளிச்சம். பன்றி நகர்கிறது, விட்டு உடனே அழுத்துகிறீர்கள், மங்கல் வெளிச்சம். மறுபடி அழுத்தினால் மின்னல். இருட்டில் அந்த மின்னல் பன்றியைவிட உங்கள் கண்ணைத்தான் குருடாக்கும், கால் வாய்க்காலில் போகும். ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்து அழுத்தினால் சில போர்டுகள் முதல் வகைக்கே திரும்பும். சில போர்டுகள் கடைசியாக எரிந்ததையே நினைவில் வைத்திருக்கும். எது எப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதிக்க ஸ்விட்ச் வாங்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன வயரால் தொட்டு எடுங்கள், தொட்டு எடுங்கள், வேகமாக ஐந்தாறு முறை. வெளிச்சம் ஒரே மாதிரி வந்தால் தைரியமாக ஸ்விட்ச்சை மாற்றுங்கள். வகை மாறினால், அப்போது மட்டும், போர்டையும் ஒரே வெளிச்சம் உள்ளதாக மாற்ற வேண்டும். அந்த ஒரு நிலையில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் வயரால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, தொடாமலே சொன்னாரா என்று கேளுங்கள்.

பட்டன் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் உள்ள டார்ச் என்றால் பெரும்பாலும் கை வைக்காதீர்கள். அங்கே பட்டன் போர்டுக்குச் சைகை மட்டும்தான் கொடுக்கும்.

மடியில் சூடாகிக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுடையது பெரும்பாலும் 18650 ஆக இருக்கும், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை எம்ஏஎச் என்ற அளவில் சொல்வார்கள். இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே ஏறக்குறைய 3500 எம்ஏஎச்தான் கொடுக்கிறது. 6800, 9900 என்று அச்சடித்த செல் எல்லாம் போலி. லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், 'ஆர்' என்று தொடங்கும் எண் அதில் இருக்க வேண்டும். சட்டம் தாளில் இருக்கிறது, எண்ணே இல்லாத செல் கூடையில் குவிந்து கிடக்கிறது. சோதனைக்கு வர வேண்டியவர்கள் எங்கே? காட்டு விலங்கு மேய்ந்ததற்கு மனுப் போட்டு, படம் எடுத்து, கையெழுத்துக்கு அலைந்து நிற்கிற விவசாயி, செல்லையும் தானே சோதித்து வாங்க வேண்டுமா? போலி செல்லைப் போட்டுக்கொண்டு ஸ்விட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். புது ஸ்விட்ச் வந்தபின் விளக்கு எரிகிற நேரமே குறைவு, நேர்மையாக 2500 எழுதிய செல் தாராளம்.

அப்பாவின் பெரிய லைட்டை மாற்றுவது இன்னும் எளிது. பழைய ஸ்விட்ச்சைத் தொடவே வேண்டாம். பைக் உதிரிபாகக் கடையில் பிளாஸ்டிக் உடம்புள்ள ஹாரன் பட்டன் வாங்குங்கள். ஹாரனுக்கு ஓடுகிற இரண்டு மூன்று ஆம்பியரை அது தாங்கும், இந்த விளக்குக்கு அது போதும். அதன் இரண்டு வயரையும் பழைய ஸ்விட்ச்சின் இரண்டு கால்களிலும் சேர்த்துப் பற்றவையுங்கள். மூன்று கால் இருந்தால் நடுக்காலிலும் பெரிய வெளிச்சத்துக்கான காலிலும். பழைய ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது ஹாரன் பட்டனை அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். தொடர்ந்து வேண்டுமானால் பழைய ஸ்விட்ச்.

ஆனால் ஒன்றை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாலேயே இரண்டு கால் பிளக் மடங்கியிருக்கும் இந்த மலிவு விளக்குகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டரும் நாலு டயோடும் வைத்து 230 வோல்ட்டை நேரே இறக்கியிருப்பார்கள். சார்ஜில் சொருகியிருக்கும்போது உள்ளே இருக்கிற பேட்டரி முனை, எல்இடி வயர், நீங்கள் புதிதாகப் பற்றவைத்த வயர் எல்லாவற்றிலும் வீட்டுக் கரண்டு நிற்கும். ஆகவே உலோக பட்டன் கூடாது. வயருக்குப் போட்ட துளையைப் பசை வைத்து அடைத்துவிடுங்கள், தோல் உரிந்த வயர் எங்கும் வெளியே தெரியக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அந்த பட்டனை யாரும் தொடக் கூடாது, ஈரக் கையோடு பம்புசெட்டிலிருந்து வருகிறவர்கள் கிட்டவே போகக் கூடாது. விளக்கைத் திறக்கிற வேலை எதுவானாலும் பிளக்கை உருவி வைத்துவிட்டுத்தான்.